தண்ணீர் கொடுப்பதற்கு முன்

பட்டாளத்துக்காரர்கள் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இவள் நன்றி கெட்டவள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கள் ஓடைக்குக் குறுக்கே அவர்கள் இரும்புப் பாலம் போட்டார்கள். ஊர் உண்டான நாளிலிருந்து எந்தச் சர்க்காரும் செய்யாத வேலை அது. அந்தப் பாலத்தின் மேல்தான் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்க வைத்தார்கள். பிறகு அதே பாலத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொடுத்த உயிரும் அதோடு போயிற்று. இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

ஊர் ஜவ்வாது மலையில், போளூரைப் பார்த்த சரிவில் இருக்கிறது. சாமையும் கொள்ளும் விதைப்போம், புளி உலுக்குவோம். ஊருக்குக் கீழே ஓடை. ஓடையைத் தாண்டினால்தான் வண்டிப் பாதை, அதில் இறங்கி நடந்தால்தான் பஸ், பஸ் கிடைத்தால்தான் போளூர். பஸ் கிடைப்பது அவரவர் தலையெழுத்து. ஓடையின் இரண்டு கரையிலும் கரைக்கொரு பெரிய பாறை இருந்தது. இரண்டு நெடுமரங்களை வெட்டி அந்தப் பாறைகளின் மேல் கிடத்தி, மேலே மூங்கில் தட்டி கட்டியிருந்தார்கள். மழைக்காலம் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆளாய் இறங்கித் தட்டியை மாற்றுவார்கள். எங்களுக்குத் தெரிந்த பாலம் அதுதான்.

நான் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக்காரி. உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். எட்டாவது படித்த பெண் எதிர்த்துப் பேசும் என்று என் மாமியார் கல்யாணத்துக்கு முன்னால் பயந்தாராம். பயந்ததில் தப்பில்லை. மாமனார் பயப்படவில்லை. அவருக்கு யார் மேலும் பயமும் கிடையாது, கோபமும் கிடையாது. ஊருக்குத் தலைவர், எங்கள் பேச்சில் பெரியதனம், அவர்தான்; அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வழியோடு போகிற ஆளைக்கூட உட்காரவைத்துச் சோறு போட்டுத்தான் அனுப்புவார். அந்தச் சோற்றை ஆக்கிப் போடுகிறவர்கள் நாங்கள் என்பது தனிக் கதை.

அந்தச் சோற்றுக்கு ஒரு கட்டு இருந்தது. எங்கள் மலையில், ஒருவர் நம் வீட்டில் சோறு தின்றுவிட்டால், ஏன், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால்கூட, அவரிடம் நம் வீட்டுக் குறையைச் சொல்லக் கூடாது. சொன்னால் போட்ட சோற்றுக்கு விலை கேட்டது போல ஆகிவிடும். “எப்பிடி கீறீங்க?” என்று அவர் கேட்டால், “ஒரு கொறயும் இல்லீங்க” என்றுதான் பதில் வர வேண்டும். வீட்டில் பிணம் கிடந்தாலும் அதே பதில்தான். சொல்லியே ஆக வேண்டிய குறை இருந்தால், அவர் வாசலில் நிற்கும்போதே, தண்ணீர் கொடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சொல்லி முடித்த பிறகு சொம்பை நீட்டலாம்.

இந்தக் கட்டை எங்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் வனக்காவலர். ஊருக்குள் காலை வைத்ததும், யாரும் வாயைத் திறப்பதற்குள், “ஒரு சொம்பு தண்ணி குடும்மா” என்பார். குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, “இன்னா, எல்லாம் நல்லா கீறீங்களா?” என்பார். அவ்வளவுதான். அவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனது, கடுக்காய் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டது எல்லாம் எங்கள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். நான் வாழ வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அப்போது சிரிக்க முடிந்தது.

என் வீட்டுக்காரர் மாமனாருக்கு ஒரே பிள்ளை. அப்பாவைப் போல மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. ஆட்டைத் திட்டினால் எதிர்ச் சரிவுவரை கேட்கும். அந்தக் குரல்தான் முதலில் போயிற்று. இருமல் வந்தது, இரவில் காய்ச்சல் வந்தது, பிறகு ஒரு நாள் துப்பியதில் ரத்தம் வந்தது. போளூர் ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஊசி, அதோடு மாத்திரை. மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தால் மருந்து இருக்காது, மருந்து இருந்தால் டாக்டர் இருக்க மாட்டார். அதனால் போளூருக்கே வந்துவிடுங்கள் என்றார் டாக்டர். நடுவில் விட்டால் நோய் திரும்பும், திரும்பினால் மருந்து கேட்காது என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து ஊசி நாள் தவிர வேறு நாள் கிழமை என் நினைவில் நிற்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் புயல். கடலில் அடிக்க வேண்டிய புயல் மலைக்கு எதற்கு வந்ததோ. பேய்மழை என்பார்களே, அது. மேல் காட்டில் மண் சரிந்து எங்கள் கொள்ளுக் கொல்லையில் பாதியை மூடியது. ஓடை காட்டாறாகி மரப்பாலத்தை அடியோடு தூக்கிக்கொண்டு போனது. இரண்டு மரங்களும் கீழே ஒரு வளைவில் போய்ச் சிக்கிக் கிடந்தன. ஊர் தனியாகிவிட்டது. மேற்கே காட்டுவழியாய் ஏறிச் சுற்றிப் போகலாம், ஆனால் அது திடகாத்திரமான ஆளுக்கே நாள் முழுக்க ஆகும் வழி. மூச்சு வாங்குகிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஊசி நாள் வந்தது, போனது. அடுத்ததும் போனது. அவர் மறுபடி ரத்தம் துப்பினார்.

ஒரு நாள் மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. ஊரே வெளியில் வந்து கையை ஆட்டியது. அதிலிருந்து பொட்டலங்கள் விழுந்தன. பாதி மரக்கிளைகளில் மாட்டிக்கொண்டது. குரங்குகள் உட்கார்ந்து ரொட்டி தின்றதை நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ரொட்டி தேவையே இல்லை; குதிரில் சாமை இருந்தது. தேவை ஓடையைத் தாண்ட ஒரு வழி. அதை வானத்திலிருந்து போட முடியாது.

அதற்குப் பிறகுதான் பட்டாளம் வந்தது. அக்கரையில் லாரிகள் வந்து நின்றன. முதலில் கயிறு வந்தது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வேலை செய்ததைப் பார்க்கக் கண் இரண்டும் போதவில்லை. இரும்புச் சட்டங்களைத் தோளில் சுமந்துகொண்டு, மழையில் நனைந்துகொண்டு, ஒருவன் குரல் கொடுக்க மற்றவர்கள் தூக்க, சட்டத்தோடு சட்டம் சேர்த்துப் பூட்டிப் பூட்டி நீட்டிக்கொண்டே வந்தார்கள். எங்கள் இரண்டு பாறைகளும் குறுக்கே நின்றன. வெடி வைத்துப் பாறைகளைப் பெயர்த்து, கரையைச் சமமாக்கி, பாலத்தின் காலை அங்கே ஊன்றினார்கள். வெடிச் சத்தத்தில் ஆடுகள் மிரண்டு ஓடின. பாறை போனதற்காக அன்றைக்கு ஊரில் ஒருவரும் வருத்தப்படவில்லை. இரும்பே வந்த பிறகு பாறை எதற்கு?

அவர்களில் ஒரு அவல்தார் நம் பக்கத்து ஆள், கண்ணமங்கலத்துக்காரர். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பேச்சை அவர்தான் இந்தியில் மாற்றிச் சொல்வார். பாலம் இக்கரையைத் தொட்டதும் அவர்தான் முதலில் வீடு வீடாக வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வாசலில் நின்று கேட்டதால் என் மாமனாரால் சொல்ல முடிந்தது. மகனைக் காட்டினார். அவல்தார் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேர் வந்தார்கள். அந்தப் பாலத்தின் மேல் முதலில் போனது ஆபீசர் இல்லை, பெரியதனமும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் போனார், படுத்துக்கொண்டு. பட்டாள லாரியிலேயே போளூர் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பையன்கள் மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்ட்ரெச்சரைக் கையில் ஏந்திப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். அவர்கள் முகம் எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கைகள் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்த பிறகு ஊசி நாள் தவறாமல் பாலத்தில் நடந்து போய் வந்தோம். முதலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார், பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார், பிறகு எதையும் பிடிக்காமல் முன்னால் நடந்துபோய், “இன்னாமே, ஆமையாட்டம் வர்றே” என்று என்னைக் கேலி செய்தார். சோறு இரண்டாம் முறை கேட்டார். ஒரு காலையில் எதிர்ச் சரிவுவரை கேட்கிற மாதிரி ஆட்டைத் திட்டினார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மனுஷன் ஆட்டைத் திட்டியதற்காக அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஊரும் அந்தப் பாலத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இரும்புக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, தேங்காய் உடைத்தார்கள். கீழே சிக்கிக் கிடந்த இரண்டு பழைய மரங்களையும் அறுத்து விறகாக்கி வீடு வீடாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கம் ஒன்றைக் கொடுத்தால் கொடுத்ததுதான். கொடுத்ததைத் திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று கனவிலும் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பாலம் எங்களுக்குக் கொடுத்ததே இல்லை. அது பட்டாளத்தின் சாமான். வெள்ளம் இருக்கிற இடத்தில் போட வேண்டும், வெள்ளம் வடிந்தால் எடுத்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் கணக்கில் ஆபத்து என்பது ஒரு நாள் தொடங்கி ஒரு நாள் முடிகிற சங்கதி. வருஷா வருஷம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் எங்களுக்கு ஆபத்துதான் என்பதும், அதற்குப் பெயர் எங்கள் ஊரில் மழைக்காலம் என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பமும் வந்தது. கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்து வெயில் அடித்தது. ஓடையில் தண்ணீர் இறங்கியது. அன்றைக்கு ஊசி நாள், நாங்கள் இரண்டு பேரும் காலையிலேயே போளூருக்குக் கிளம்பிப் போய்விட்டோம். நாங்கள் போன பிறகு என் மாமனார் அக்கரைக்குப் போய், பட்டாளத்தாரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். மகனைப் பிழைக்க வைத்தவர்களுக்கு ஒரு வேளை சோறு போட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அவர்கள் வந்த நாளிலிருந்தே இருந்தது. ஆபீசரும் அவல்தாரும் இன்னும் சிலரும் வந்தார்கள். மாமியார் கோழி அடித்து, சாமைச் சோறு ஆக்கி, தேன் வைத்துப் பரிமாறினார். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் மாமியார்தான். ஒரு முறை இல்லை, நான் கேட்கிறபோதெல்லாம் சொன்னார். கடைசியில் கேட்காதபோதும் சொன்னார்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஆபீசர் ஏதோ கேட்டாராம். அவல்தார் அதைத் தமிழில் சொன்னாராம்.

“பெரியவரே, மழ நின்னுப்போச்சு, தண்ணியும் எறங்கிட்ச்சு. எங்கள வேற எடத்துக்குப் போவச் சொல்லிட்டாங்க. இனிமே உங்களுக்கு இங்க ஏதாவது கஷ்டம் இருக்குதான்னு ஆபீசர் கேக்கறாரு.”

என் மாமனார் கும்பிட்டார். “ஒரு கொறயும் இல்லீங்க. உங்க புண்ணியத்துல எல்லாரும் நல்லா கீறோம்ங்க.”

அவல்தார் விடவில்லையாம். நம் பக்கத்து ஆள் இல்லையா, ஏதோ உறுத்தியிருக்கிறது. “உங்க புள்ளைக்கு ஒடம்பு? இன்னும் ஊசிக்குப் போயினு வர்றாரே?”

“தேறிட்டான்ங்க. அவனுக்கு இன்னா, கல்லாட்டம் கீறான்.”

ஆபீசர் சந்தோஷப்பட்டுக் கையைக் குலுக்கினாராம். பெரியதனத்தின் கையை ஒருவர் குலுக்கியது அதுதான் முதல் முறை. அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் தனியாகவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று மாமியார் சொன்னார்.

நாங்கள் போளூரிலிருந்து திரும்பி ஓடைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கரையில் பட்டாளத்தார் போட்டிருந்த கூடாரங்கள் இல்லை. பாலத்தின் கைப்பிடிகள் கழற்றிக் கீழே அடுக்கப்பட்டிருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரிப்பேர் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவல்தார் எங்களைப் பார்த்ததும் சிரித்த முகமாய் எழுந்து வந்தார்.

“வாங்கண்ணே. நீங்க தாண்டிப் போவணும்னே கழட்டாம நிறுத்தி வெச்சினு கீறோம். சீக்கிரம் தாண்டிடுங்க, வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும்.”

இரண்டு பையன்கள் வந்து என் வீட்டுக்காரரை ஆளுக்கொரு கையாய்ப் பிடித்து, கைப்பிடி இல்லாத பாலத்தின் மேல் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் போனேன். எங்களை இக்கரையில் விட்டுவிட்டு, சல்யூட் மாதிரி ஒன்று அடித்துவிட்டுத் திரும்பி ஓடினார்கள். ஸ்பானரின் சத்தம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. எங்களுக்காக ஒரு பட்டாளமே காத்திருந்தது. காத்திருந்து, எந்தக் கரையில் ஊசி இல்லையோ அந்தக் கரையில் எங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் விஷயம் தெரிந்தது. நான் கத்தினேன். மாமனாரைப் பார்த்து மருமகள் கத்துகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அக்கம்பக்கத்தார் வெளியே வந்து நின்றார்கள். ஏன் மாமா சொல்லவில்லை, பாலம் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் வாயில் முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்டேன்.

“சோறு தின்னவங்க கிட்ட எப்பிடிம்மா சொல்றது?” என்றார்.

“தின்னறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமில்ல?”

“அப்போ அவுங்க கேக்கலியேம்மா. தின்னுட்டு, மரியாதைக்கிக் கேக்கறாங்கன்னு நெனச்சேன். பாலத்தத் தூக்கினு போவாங்கன்னு யாரு நெனச்சா?”

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டு, “வுடுமே, அப்பா வேற எப்பிடிப் பேசுவாரு?” என்றார். அவருக்கு அப்பாவின் மேல் கோபமே வரவில்லை. அதற்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டேன்.

விடிந்ததும் மாமனார் ஓடைக்கு ஓடியிருக்கிறார். தண்ணீர் முழங்காலளவுதான் இருந்தது. இறங்கித் தாண்டி, வண்டிப் பாதையில் பஸ் நிற்கிற இடம்வரை போயிருக்கிறார். லாரிகள் போய்விட்டன. எந்த ஊருக்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கேயோ வேறு வெள்ளம். அங்கேயும் அந்தப் பாலம் யாரையாவது கரை சேர்த்திருக்கும். சேர்த்திருக்கட்டும்.

அடுத்த ஊசிக்குத் தண்ணீரில் இறங்கித்தான் போய் வந்தோம். அதற்கடுத்த ஊசிக்கு முன்னால் மழை திரும்பிவிட்டது. கார்த்திகை மழை நின்றுவிட்டது என்று யார் அந்த ஆபீசருக்குச் சொன்னார்களோ தெரியவில்லை; மழைக்கு யாரும் சொல்லவில்லை. ஓடை மறுபடி மார்பளவு, தலையளவு என்று ஏறியது. போளூரிலேயே ஒரு இடம் பார்த்துத் தங்கியிருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ பேர் என்னைக் கேட்டார்கள். இருமிக்கொண்டு வருகிற மலைக்காரனுக்குப் போளூரில் யார் வீடு கொடுப்பார்கள் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. அதோடு, தங்குவதற்கும் முதலில் ஓடையைத் தாண்ட வேண்டும்.

ஊர் ஆண்கள் பழையபடி மரம் போடுவோம் என்று கிளம்பினார்கள். இரண்டு மரம் பார்த்தார்கள். ஆனால் மரத்தை எதன் மேல் கிடத்துவது? பாறைகள் இருந்த இடத்தில் மண்ணும் சல்லியும்தான் இருந்தன. இன்னும் நீளமான மரம் போட்டால் நிற்கும் என்றார்கள். அந்த நீளத்துக்கு மரம் உள்காட்டில்தான் உண்டு. கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது வனக்காவலர் வந்தார். வந்ததும் தண்ணீர் கேட்டார். என் மாமியார் பழக்க தோஷத்தில் கொடுத்துவிட்டார். குடித்து, மீசையைத் துடைத்து, உள்காட்டு மரத்தில் கோடாலி பட்டால் ஊர் மொத்தத்தின் மேலும் கேஸ் என்று சொல்லிவிட்டு, எல்லாரும் நல்லா கீறீங்களா என்றார். என் மாமனார் ஒரு குறையும் இல்லை என்றார். உள்ளே அவர் மகன் இருமுகிற சத்தம் வாசலுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மார்கழிக் கடைசியில் தண்ணீர் இறங்கியதும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். கொஞ்சம் தெம்பு வந்ததும் ஊசியை விட்டுவிடுவீர்கள், மலைக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான், அப்புறம் எங்கள் தலையில் கொண்டுவந்து கட்டுவீர்கள் என்றார். பாலம் போன கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குக் கேட்க நேரமில்லை. மருந்து மாற்றிப் பார்த்தார்கள். டாக்டர் முன்பு விரலை ஆட்டிச் சொன்னது அப்படியே நடந்தது, மருந்து கேட்கவில்லை. மாசியில் புளி உலுக்குகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் செத்துப்போனார். சாகும்போது அவரிடம் குரலே இல்லை.

துக்கத்துக்கு மலையெங்கும் இருந்து வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தோம், கூழ் கொடுத்தோம். ஒவ்வொருவரும் மாமனாரின் கையைப் பிடித்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் அதே பதிலைச் சொன்னார். நான் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

என் தாய் வீட்டில் வந்து கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் புருஷன் செத்தவள் மறுபடி கட்டிக்கொள்வதில் தடையில்லை. நான் போகவில்லை. ஊரில் சத்துணவுக் கூடம் வந்தபோது, எட்டாவது படித்தவள் என்று எனக்கு அதில் வேலை கிடைத்தது. அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. நான் அந்த வீட்டிலேயே இருந்து, அவர் கண்ணில் தினமும் பட வேண்டும் என்று நினைத்தேன். தினமும் அவருக்குச் சோறு போட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பெரியதனத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டு, பகல் முழுக்க ஓடைக்கரையில், பாலத்தின் கால் ஊன்றியிருந்த இடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்தால் யாராவது போய்க் கூட்டிவர வேண்டும்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. மூன்றாவது மழைக்கு முன்னால், ஓடை காய்ந்து கிடந்தபோது, வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இளம் வயது, நல்ல மனுஷர் போல இருந்தார். புயல், வெள்ளம் என்று வந்தால் எந்தெந்த ஊர் துண்டாகும், எங்கெங்கே பட்டாளத்தைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கிறார்களாம். அந்த ஞானோதயம் அவர்களுக்கு அந்த வருஷம்தான் வந்தது. ஓடையில் இறங்கி ஏறி வேர்த்து விறுவிறுத்து எங்கள் வாசலுக்கு வந்தார். பாலம் வந்தபோது பெரியதனமாக இருந்தவர் இவர்தான் என்று யாரோ காட்டிவிட்டிருந்தார்கள்.

மாமனார் எழுந்து கும்பிட்டு அவருக்குக் கட்டிலைத் தட்டிப் போட்டார். மாமியார் உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தார். நான் வாசற்படியில் குறுக்கே நின்று, அவர் கையிலிருந்து சொம்பை வாங்கி, எனக்குப் பின்னால் தரையில் வைத்தேன். அதிகாரி அதைப் பார்த்தார். அவருக்கு நல்ல தாகம் என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. மலைக்காரர்களுக்கு இவ்வளவு கூடவா மரியாதை தெரியாது என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

“பெரியவரே, மழைக்காலத்துல உங்களுக்கு என்ன கஷ்டம் இருக்குன்னு சொல்லுங்க” என்றார்.

மாமனாரின் கை கும்பிடுவதற்கு எழுந்தது. வாய் எந்த வார்த்தைக்குத் திறக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் செத்த மாசியிலிருந்து மாமனாரோடு பேசாத நான் அப்போது பேசினேன்.

“மாமா, அவருக்கு இன்னும் தண்ணி குடுக்கல.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் காலுக்குப் பின்னால் இருந்த சொம்பைப் பார்த்தார். அப்புறம் அதிகாரியின் பக்கம் திரும்பி, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“பாலத்த எடுத்துடாதீங்க சாமி. எம் மவனுக்கு ஊசி போடணும். வாரத்துக்கு ரெண்டு வாட்டி போளூர் போவணும்ங்க. அவன் இன்னும் தேறலீங்க.”

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. காலை விடுவித்துக்கொள்ளவும் கூச்சப்பட்டு, என்னைப் பார்த்து, அவர் மகன் எங்கேயம்மா இருக்கிறார், பார்க்க முடியுமா என்று கேட்டார்.

நான் குனிந்து சொம்பை எடுத்து அதிகாரியின் கையில் கொடுத்தேன்.